அது போர் ஜீப் அல்ல, ஏலத்தோட்ட ஜீப்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பழைய வாகனங்களைப் பற்றிய கட்டுரையோடு ஒரு ஜீப்பின் படம் வந்திருந்தது. உடம்பெல்லாம் ராணுவப் பச்சை, பானெட்டில் வெள்ளை நட்சத்திரம். அதற்குக் கீழே 'இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்' என்று ஒரு வரி. காலைக் காப்பியோடு பத்திரிகையைப் பிரித்தவள், காப்பி ஆறிப்போகும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வண்டி எந்தப் போரையும் பார்த்ததில்லை. பார்த்திருக்கவும் வழியில்லை.

முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் நான். தப்பான விடையைக் கண்டால் சிவப்புப் பேனாவைத் தேடும் கை, ஓய்வு பெற்ற பிறகும் அடங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்க்காலத்து ஜீப்பை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து குவித்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் முகப்புத் தகட்டில் ஒன்பது நீளத் துளைகள் இருக்கும். விளக்குகள் சிறியவை, தகட்டுக்கு உள்ளே ஒடுங்கி இருக்கும். பின்பக்கம் திறக்கிற கதவு கிடையாது. நீங்கள் வெளியிட்ட படத்தில் துளைகளை எண்ணிப் பாருங்கள், ஏழுதான். விளக்குகள் பெரியவை, வெளியே முழித்துக்கொண்டு நிற்கின்றன. பின்கதவும் தெரிகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய சாட்சி பானெட். போர் ஜீப்பின் பானெட் தட்டையாகத் தாழ்ந்து கிடக்கும். உங்கள் படத்திலுள்ளது அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தாற்போல உயர்ந்து நிற்கிறது.

அந்த உயரத்துக்குக் காரணம் இருக்கிறது. பழைய இன்ஜினில் இரண்டு வகை வால்வுகளும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருந்தன. அதன் திறன் 60 குதிரைத்திறன். அதே 2.2 லிட்டர் கொள்ளளவை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டும் என்று, காற்றை உள்ளே விடும் வால்வைத் தூக்கி மேலே, சிலிண்டர்களை மூடும் ஹெட்டில் வைத்தார்கள். புகையை வெளியே விடும் வால்வு மட்டும் கீழேயே தங்கியது. பலம் எழுபதைத் தாண்டியது, இன்ஜினும் உயர்ந்துவிட்டது. பழைய பானெட் மூடவில்லை. பானெட்டையே உயர்த்திவிட்டார்கள். அப்படி 1953-ல் பிறந்ததுதான் வில்லிஸின் சிஜே-3பி என்ற ஜீப் மாடல். போர் முடிந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்காவில் இதன் தயாரிப்பு 1968-ல் நின்றது. இங்கே மஹிந்திரா நிறுவனம் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் இதே முகத்தோடு செய்துகொண்டிருந்தது. நம் ஊர் மலைகளில் ஏறி இறங்கிய ஜீப்புகளில் மிகப் பெரும்பாலானவை இங்கே செய்யப்பட்டவை. என் அப்பா இதை 'நெற்றி பெருத்த வண்டி' என்பார். அவருக்கும் நெற்றி பெரிதுதான்.

எங்கள் வீட்டில் நிற்பதும் ஒரு சிஜே-3பிதான். 1968-ல் பதிவானது. மலையில் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் இருந்ததை 1979-ல் அப்பா விலைக்கு வாங்கினார். போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன் தெருவில் நின்றால் இன்றும் அந்தக் காட்சியைப் பார்க்கலாம். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் காத்து நிற்பார்கள். ஜீப் வரும், ஏறுவார்கள். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று கேரளத்துத் தோட்டங்களுக்குப் போய்க் காய் எடுத்து, களை வெட்டி, இருட்டும் நேரத்தில் திரும்புவார்கள். அப்பா பதினேழு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தார். காலையில் ஆட்கள், திரும்பும்போது ஆட்களோடு சில நாள் ஏலக்காய் மூட்டை. பர்மிட் பற்றி யாரும் இப்போது என்னைக் கேட்க வேண்டாம்.

அந்தப் பயணத்தை நான் அழகாக்கிச் சொல்ல விரும்பவில்லை. எட்டுப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினைந்து பேர் இருப்பார்கள். மழைக்காலத்தில் படுதாவுக்குள் ஈரத்துணி வாடையும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து வயிற்றைப் புரட்டும். வளைவில் பின்சக்கரம் வழுக்கினால் எல்லோரும் ஒரே குரலில் மூச்சை இழுப்பார்கள். ஜீப் கவிழ்ந்த செய்திகள் உங்கள் பத்திரிகையிலேயே எத்தனை முறை வந்திருக்கின்றன. ஆனாலும் அந்த வண்டியின் வாழ்க்கை இதுதான். அதன் மேல் நட்சத்திரத்தை ஒட்டினால் இந்த வாழ்க்கை மறைந்துபோகிறது. என் கோபமெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

வெறும் படவிளக்கம்தானே என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன்பு ஓர் இளைஞர் என் வீட்டுக்கு வந்தார். வண்டிக்கு நல்ல விலை சொன்னார். வாங்கி என்ன செய்வீர்கள் தம்பி என்று கேட்டேன். கைப்பேசியில் படம் காட்டினார். பானெட்டை வெட்டித் தாழ்த்துவாராம். முகப்பைக் கழற்றிவிட்டு ஒன்பது துளை வைத்த தகட்டைப் பற்றவைப்பாராம். பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜின் வைத்து, ராணுவப் பச்சை அடித்து 'போர் ஜீப்' என்று விற்பாராம். இன்ஜின் உயர்ந்ததால் உயர்ந்த பானெட்டை, இன்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு வெட்டுவது! சட்டமும் அவர் பக்கம் இல்லை. பாதுகாப்புத் துறையின் வாகனங்களைத் தவிர வேறு எதற்கும் அந்த ஆலிவ் பச்சை பூசக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதி சொல்கிறது. அந்த இளைஞர் அதை நம்பவில்லை. ஊரெல்லாம் ஓடுகிறதே டீச்சர் என்றார். உங்கள் படத்திலும் ஓடுகிறது.

வண்டி இப்போது ஓடுகிறது என்பதால்தான் இளைஞர் தேடி வந்தார். அப்பா 2003-ல் காலமானார். அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகள் அது தகரக் கொட்டகையில் கிடந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்றான். கடைக்காரரும் வந்து சக்கரத்தைக் காலால் உதைத்துப் பார்த்துவிட்டு 28,000 ரூபாய் என்றார். அம்மா பதில் பேசவில்லை. கொட்டகைச் சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டார். 2021-ல் நான் ஓய்வு பெற்றபோது அந்தச் சாவி என் கைக்கு வந்தது.

கொட்டகையைத் திறந்த அன்று கண்டதைச் சொல்கிறேன். ஏர் கிளீனருக்குள் எலிக் கூடு. புகைக் குழாயின் வாயில் குளவி மண் பூசியிருந்தது. மின்கம்பிகளின் மேல்தோலை எலி தின்று, செம்பு மட்டும் பச்சை பிடித்துத் தொங்கியது. முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேங்கைத் திறந்தபோது பெட்ரோல் வாடையே இல்லை, பழைய வார்னிஷ் வாடைதான் வந்தது. இன்ஜின் இறுகிப்போயிருந்தது. இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலை முன்னால் போட்டு இழுத்தால் இன்ஜின் சுற்றவில்லை, வண்டிதான் ஆடியது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி எழுபத்து நான்கு வயது மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரைப் பாய் என்றுதான் அழைக்கும். அப்பாவின் வண்டியைப் பழுதுபார்த்தவர் அவர்தான். பட்டறையை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன, கண்ணில் புரை அறுவை நடந்திருந்தது. வந்து பார்த்தார். "டீச்சர், முதல் மாதம் ஸ்பேனரைத் தொடக் கூடாது. பாட்டரியைக் கொண்டுவந்து செல்ப் அடித்துப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் கொட்டகைக்கு உள்ளேயே விடாதீர்கள்" என்றார். பதினெட்டு ஆண்டு உலர்ந்த சிலிண்டரில் மோட்டாரின் பலத்தைக் காட்டினால் பிஸ்டன் ரிங் உடையும், வால்வு வளையும். பழைய வண்டிகளில் பாதி சாவது, எடுத்துவிட்டேன் என்று வீடியோ போடும் அவசரத்தில்தான்.

நான்கு பிளக்குகளையும் கழற்றினோம். அசிட்டோனையும் பவர் ஸ்டீயரிங் எண்ணெயையும் சம அளவு கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றினேன். அசிட்டோன் அந்த எண்ணெயை மெலிதாக்கித் துருவின் இடுக்குகளுக்குள் கொண்டுபோய்விட்டு, பிறகு தான் ஆவியாகிவிடும். ஆய்வகத்தில் எத்தனையோ பாட்டில் அசிட்டோனை மாணவர்கள் கையில் படாமல் காப்பாற்றியிருக்கிறேன். இப்படி ஒரு வேலைக்கு அது உதவும் என்று பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை. ஒரு மண்டலம் விரதம்போல மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் ஊற்றுவது, ஹேண்டிலை இந்தப் பக்கம் ஒரு அழுத்தம், அந்தப் பக்கம் ஒரு அழுத்தம், பிறகு வீட்டுக்குப் போய்விடுவது. இருபத்தாறாம் நாள் ஹேண்டில் ஒரு விரல்கடை நகர்ந்தது. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார்கள்.

ஹெட்டைக் கழற்றியபோது காரணம் தெரிந்தது. மூன்றாம் சிலிண்டரின் புகை வால்வு திறந்தபடியே நின்றிருக்கிறது. புகைக் குழாய் வழியாக வந்த மழைக்கால ஈரம் அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் குடியிருந்திருக்கிறது. மற்ற மூன்றும் ஏறக்குறைய நன்றாகவே இருந்தன. ஆகவே வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக் துளை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு மேசைக்கரண்டி இன்ஜின் எண்ணெயை விட்டு, ஹேண்டிலால் இரண்டு சுற்றுச் சுற்றி, புகைக் குழாயின் வாயை எண்ணெய்த் துணியால் அடைத்துவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது துணியை மறக்காதீர்கள். அப்பா போனபோது எங்கள் வீட்டில் ஒருவருக்கு இது தெரிந்திருந்தால் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் 'ரீபோர்' வேலை ஒன்று எனக்கு மிச்சமாகியிருக்கும்.

துருவை எடுக்க நான் செய்தது பள்ளியின் மின்னாற்பகுப்புப் பாடம்தான். பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சலவை சோடா. 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பொருளில் மாட்டி, நேர்முனையைப் பழைய இரும்புக் கம்பியில் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் நம் பொருள் கரைந்துபோகும். ஓர் இரவில் துரு கறுப்புச் சேறாகக் கழன்று வந்துவிடும், நல்ல இரும்பு தேயாது. இரண்டு எச்சரிக்கைகள். இதில் ஹைட்ரஜன் வாயு வெளியேறும், அதனால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது. கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைத் தொங்கவிடக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் கரைந்து நச்சாகிவிடும். பாய் முதலில் சிரித்தார். வீல் நட்டுகள் புதிதுபோல வெளியே வந்த பிறகு, தன் வீட்டுப் பழைய வைஸையும் கொண்டுவந்து டிரம்மில் போட்டார்.

டேங்குக்கு அது ஒத்துவரவில்லை. அதற்குள் பொடி ஜல்லியும் ஒரு சங்கிலித் துண்டும் போட்டு, தென்னை மரத்தில் கட்டித் தொட்டிலாட்டுவதுபோல இரண்டு நாள் ஆட்டினோம். உள்ளிருந்து வந்த துருவைக் காய்ந்த பிறகு அள்ளி வைத்தால் அரைப்படி தேறும். ஊசித் துளைகளை ரேடியேட்டர்க்காரர் ஈயம் வைத்து அடைத்துக் கொடுத்தார், டேங்கில் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் நெருப்பைக் கிட்டே கொண்டுவந்தார். காலி டேங்க்தான் ஆபத்து, நிறைந்த டேங்க் அல்ல என்பதை அவருக்கு யாரும் வகுப்பில் சொல்லிக்கொடுக்கவில்லை.

கியர் எண்ணெயில் மட்டும் எனக்கும் பாய்க்கும் சண்டை வந்தது. கடையில் விலை உயர்ந்ததாக ஒன்றை வாங்கி வந்திருந்தார். டப்பாவில் ஜிஎல்-5 என்ற தரக்குறி போட்டிருந்தது. புதிய ஆக்ஸில்களுக்கு அது நல்லது. அதில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மங்கள் அதிகம். எங்கள் பழைய வண்டியின் கியர்பாக்ஸில் இருப்பதோ செம்பு கலந்த பித்தளை வளையங்கள். கந்தகம் செம்பைச் சும்மா விடாது என்பது பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். 90-ஆம் எண்ணில் ஜிஎல்-4 எண்ணெய்தான் வேண்டும் என்றேன். "நாற்பது வருடமாக எண்ணெய் ஊற்றுகிறேன் டீச்சர்" என்றார். இரண்டு எண்ணெயிலும் தனித்தனியே ஒரு செப்புக் கம்பியைப் போட்டு, மண் அடுப்பில் வைத்த வெந்நீரில் இறக்கி வைத்தேன். மறுநாள் ஒரு கம்பி கறுத்திருந்தது. பாய் ஒன்றும் சொல்லவில்லை, டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். அன்றிலிருந்து என்னை 'டீச்சர்' என்று சொல்லும்போது அதில் ஒரு சின்ன அழுத்தம் இருக்கிறது.

சாமான்கள் கிடைப்பதைப் பற்றி உங்கள் கட்டுரை 'கிடைக்கவே கிடைக்காது' என்று எழுதியிருந்தது. அப்படி இல்லை. தேடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். பிரேக் ரப்பர்கள், ஆயில் சீல், யு-ஜாயின்ட் எல்லாம் மதுரையிலேயே கிடைத்தன. டைனமோவின் ஆர்மேச்சர் சென்னை புதுப்பேட்டையில் பழையதாகக் கிடைத்தது. ஸ்டீயரிங்கின் குறுக்குக் கையில் தேய்ந்துபோன புஷ் எங்கும் கிடைக்கவில்லை. லேத்துப் பட்டறையில் கன்மெட்டலில் கடைந்து வாங்கினோம். அதற்கு ஆன செலவு ஒரு நல்ல சேலையின் விலைகூட இல்லை. மொத்தத்தில் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 2,15,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. கணக்கு நோட்டு இருக்கிறது, கோயம்புத்தூர்த் தம்பி மட்டும் பார்க்கக் கூடாது.

பிரேக்கில் நான் யார் பேச்சையும் கேட்கவில்லை. இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே குழாய் வழி. எங்காவது ஒரு சொட்டுக் கசிந்தால் நான்கும் போய்விடும். கைப் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிக்காது, கியர் பெட்டிக்குப் பின்னால் ஓடும் தண்டைத்தான் பிடிக்கும். வண்டி நின்ற பிறகு போட வேண்டியது அது. ஓட்டத்தில் இழுத்தால் தண்டு முறியலாம். ஆகவே மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர்கள், குழாய்கள் எல்லாமே புதிது. போடிமெட்டுச் சாலையை அறிந்தவர்கள் என்னைக் கஞ்சத்தனம் செய்யச் சொல்ல மாட்டார்கள்.

முதல் முறை உயிர் வந்த நாள் எனக்கு அவமானமான நாளும்கூட. பிளக் வயர்களை நான்தான் மாட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அழகாக வரிசையில் மாட்டினேன். ஹேண்டிலை இழுத்ததும் கார்புரேட்டர் வழியாகத் தீ ஒன்று எட்டிப் பார்த்தது. பாய் கையிலிருந்த ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கினார். "பொறி பாயும் வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. உங்கள் அப்பா தூக்கத்தில்கூடச் சொல்வார்" என்றார். மாற்றி மாட்டி, பிளக்குகளுக்குப் பொறியைத் தூண்டும் பாயிண்டைத் தேய்த்து, அரை மில்லிமீட்டர் இடைவெளி வைத்து மறுபடி இழுத்தோம். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும், கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது. இன்ஜின் திருப்பி உதைத்தால் விரல் முறியும். இதை அப்பா எனக்குப் பதினெட்டு வயதில் சொன்னார். கை மறக்கவில்லை. மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கப் புகை. உள்ளே மிச்சமிருந்த எலி ஒன்று அப்போதுதான் வீட்டைக் காலி செய்தது. அம்மா திண்ணையிலிருந்து எழுந்து வரவில்லை. "சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது, சோக்கைப் போடு" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். பதினேழு ஆண்டுகள் விடியற்காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுந்தவர்.

டிங்கர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலடித் தகடும் இருக்கைக்குக் கீழுள்ள தகடும் அரித்துப் போயிருந்தன, வெட்டிப் புதுத் தகடு வைத்தோம். சேசிஸ் கெட்டியாக இருந்தது. வர்ணத்தைச் சுரண்டியபோது மேலே மஞ்சள், அதற்குள் சிவப்பு, அடியில் வெளிர்நீலம் இருந்தது. தோட்டத்து வண்டியாக இருந்தபோது அது நீலம். நீலமே அடித்தோம். வலது பக்கப் பின்தகட்டில் ஒரு நசுங்கல் உண்டு. 1987-ல் ஏழாம் வளைவில் ஒரு பாறையில் உரசியது, யாருக்கும் காயமில்லை. அதை நிமிர்த்தவில்லை. படுதாக் கம்பிகளுக்கு வர்ணம் அடிக்கவும் நான் விடவில்லை. பின்னால் ஏறும் இடத்தில் பெண்கள் பிடித்துப் பிடித்து அந்தக் கம்பி கண்ணாடிபோல் வழவழத்திருக்கிறது. டிங்கர் இரண்டு முறை கேட்டார், துருப்பிடிக்குமே அம்மா என்று. வாரம் ஒருமுறை எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பதிவைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு குழப்பம். ஐம்பது ஆண்டு தாண்டிய எந்த வண்டியும் சாலையில் ஓடக் கூடாது என்பதுபோல எழுதியிருந்தீர்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதி சொல்வது வேறு. முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய உருவிலேயே இருக்கும் வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்து ஆண்டுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவெண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், புதிதாகப் பதிந்தால் விஏ என்ற எழுத்துகளோடு எண் தருவார்கள். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட ஓட்டத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் போட, பழுதுபார்க்க என்று எல்லை உண்டு. அது விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். வழக்கம்போல ஐந்தைந்து ஆண்டுக்குப் பதிவைப் புதுப்பித்து ஓட்டுவதை அந்த விதி தடுக்கவில்லை. நான் இரண்டாவது வழியில் போனேன். அப்பாவின் பெயரிலிருந்து மாற்ற வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-ம் கொடுத்தேன், வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய் நிறுத்தினேன், 2024-ல் பதிவு புதுப்பிக்கப்பட்டது. தாமதத்துக்கான கட்டணம் கொஞ்சம் வலித்தது. சந்தைக்குப் போய் வாழைத்தார் ஏற்றி வர முடியாத ஜீப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அந்த இளைஞர் செய்ய நினைத்த வேலையை இந்த விதியோடு வைத்துப் பாருங்கள். பானெட்டை வெட்டி, முகப்பை மாற்றி, இன்ஜினைத் தூக்கினால் அது பழம்பெரும் வாகனம் என்ற தகுதியையே இழந்துவிடும். இல்லாத ஒரு போரை ஒட்டப்போய், இருக்கும் ஐம்பத்தேழு ஆண்டுகளைத் தொலைப்பது.

ஓட ஆரம்பித்த பிறகு பராமரிப்பு பெரிய வேலை இல்லை. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரை ஊறவைத்துப் பிசுபிசுக்கச் செய்யும். அதனால் அதைத் தாங்கும் ரப்பர்க் குழாய்களை மாற்றிவிட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் என்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுவேன். மாதம் ஒருமுறை ஊருக்கு மேற்கே மண்பாதையில் இறக்கி, முன்சக்கரங்களையும் சேர்த்து நான்கு சக்கரத்தில் ஒரு கிலோமீட்டர் ஓட்டுவேன். முன் ஆக்ஸிலின் பல்லும் பலம் வாங்கி ஓடினால்தான் அதன் நிலைமை நமக்குத் தெரியும். தார்ச்சாலையில் அதைச் செய்யக் கூடாது. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வேக வித்தியாசத்தைச் சமன் செய்யும் அமைப்பு இதில் இல்லை. வழுக்கக் கொடுக்காத தரையில் வளைத்தால் பல்லும் தண்டும் முறுக்கேறி, லிவர் வெளியே வர மறுக்கும். அடம் பிடிக்கும் குழந்தையைப்போல, கொஞ்சம் பின்னால் வந்தால்தான் விடும்.

ஒரு வேண்டுகோள். உங்கள் ஞாயிறு இணைப்பில் இனி ஜீப்பைப் பற்றி எழுதினால், சேகரிப்பாளர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் எண்பதை நெருங்கிய ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். இன்ஜினைத் திறக்காமல் சத்தத்திலேயே எந்த வால்வு என்று சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அந்த ஜீப்புகளின் பின்னால் முப்பது ஆண்டுகள் குந்தி உட்கார்ந்து போன பெண்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் இதுவரை கேட்கவில்லை. சென்ற மாதம் ஒரு பாட்டி என் வண்டி தெருவில் நின்றபோது வந்து அந்தக் கம்பியைப் பிடித்துப் பார்த்தார். "இது நீல வண்டியாக இருந்தபோதே நான் ஏறியிருக்கிறேன், அப்போது கூலி மூன்று ரூபாய்" என்றார். நீல வர்ணம் என் ஊகம் அல்ல என்பது அன்றுதான் எனக்கு உறுதியானது.

திருத்தம் வெளியிட இடம் இருந்தால், 'சிஜே-3பி, போருக்குப் பிந்தைய தயாரிப்பு' என்று போடுங்கள். இடம் இல்லையென்றால் இணையப் பதிப்பிலாவது 'போரில்' என்பதை எடுத்துவிட்டு 'மலையில்' என்று மாற்றுங்கள், எழுத்து எண்ணிக்கைகூட அவ்வளவாக மாறாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
போடிநாயக்கனூர்.